ஜிக்சா புதிர் வழியாகக் கான்பன்: குழுக்களுக்குக் கற்றுத்தருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தம் குழுவுக்குக் கான்பன் முறையை ஒரு புதிர் விளையாட்டின் மூலம் கற்றுத்தர நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. விளையாட்டுக்கு வேண்டிய பொருள்கள், அதன் 3 சுற்றுகள், அவற்றில் வெளிப்படும் கணக்கு, சுற்றுகளுக்கு இடையே நடக்க வேண்டிய பேச்சு, மறுநாள் உண்மையான வேலைக்கு இதை எடுத்துச்செல்லும் வழி ஆகியவை குறித்துத் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

கான்பன் என்பது என்ன? அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை யாவை?

'கான்பன்' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை, பெயர்ப்பலகை என்பது பொருள். டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் தாய்இச்சி ஓனோ என்ற பொறியாளர், பிந்தைய பணியிடம் தனக்குத் தேவையானதைத் தேவையான நேரத்தில் முந்தைய பணியிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 1940-களின் இறுதியிலிருந்து படிப்படியாக உருவாக்கினார். வாடிக்கையாளர் அலமாரியிலிருந்து எடுத்த பிறகே காலியான இடத்தை நிரப்பும் அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகளின் வழக்கமே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. 1953-ல் அது தொழிற்சாலையின் இயந்திரப் பிரிவில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பாகம், எத்தனை, எங்கே வேண்டும் என்று எழுதிய சிறு அட்டை பணியிடங்களுக்கிடையே சென்று வந்தது. அட்டை இல்லாமல் எதையும் செய்யக்கூடாது, எதையும் நகர்த்தக்கூடாது என்பது விதி.

2004-ல் டேவிட் ஆண்டர்சன், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒரு மென்பொருள் பராமரிப்புக் குழுவில் இதே சிந்தனையை அறிவுசார் வேலைக்குப் பொருத்திப் பார்த்தார். இன்று அலுவலகங்களில் 'கான்பன் முறை' என்று சொல்லப்படுவது அந்த வழியில் வளர்ந்ததாகும். அதற்கு 6 நடைமுறைகள் உண்டு: வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தல், நடப்பு வேலைக்கு, அதாவது தொடங்கி இன்னும் முடியாமல் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு, உச்சவரம்பு வைத்தல், வேலை ஓடும் ஓட்டத்தைக் கவனித்து நடத்துதல், விதிகளை வெளிப்படையாக எழுதிவைத்தல், திரும்பிப் பார்க்கும் கூட்டங்களை ஒழுங்காக நடத்துதல், கூடிப்பேசிச் சோதனை முறையில் முன்னேறுதல். இந்த ஆறில் இரண்டாவதே குழுக்களுக்கு விளங்கிக்கொள்ளக் கடினமானது. இந்த விளையாட்டு பெரும்பாலும் அதற்காகவே அமைக்கப்பட்டது.

விரிவுரையில் சொல்லக்கூடியதை ஏன் விளையாட வேண்டும்?

'ஒரே நேரத்தில் குறைவான வேலைகளை எடுத்தால் எல்லாம் விரைவில் முடியும்' என்று திரையில் காட்டினால் அறையிலுள்ள அனைவரும் தலையசைப்பார்கள். அடுத்த வாரமே, மேலிடத்திலிருந்து வரும் ஒன்பதாவது வேலையையும் கையில் வாங்கிக்கொள்வார்கள். அந்த வாக்கியம் அவர்களுக்குப் புரியாமலில்லை. ஆனால் கையில் வேலை இல்லாமல் அமர்ந்திருப்பது தவறு என்று நெடுங்காலமாகப் பழகிய உடலை ஒரு வாக்கியத்தால் மாற்றிவிட முடியாது. விளையாட்டில் அந்தச் சங்கடத்தை அவர்கள் சில நிமிடங்கள் உடலால் அனுபவிக்கிறார்கள். அதன் பலனையும் அதே மேசையில் காண்கிறார்கள். கற்றுத்தருபவர் சொல்லித் தெரிவதற்கும் தன் கையாலேயே செய்து தெரிவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்காகத்தான் இரண்டு மணி நேரம் செலவிடுகிறோம்.

வேறு விளையாட்டுகள் இருக்கும்போது ஜிக்சா ஏன்?

கான்பனுக்கென்றே செய்யப்பட்ட பலகை விளையாட்டுகள் உண்டு, அவை நல்லவையும்கூட. ஆனால் அவற்றின் விதிகளைப் புரிந்துகொள்வதிலேயே முதல் அரைமணி நேரம் போய்விடுகிறது. ஜிக்சாவை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதோடு, அதற்குள் இயல்பாகவே கட்டங்கள் உள்ளன: துண்டுகளைப் பிரிப்பது, விளிம்பைக் கட்டுவது, உள்பகுதியை நிரப்புவது, சரிபார்ப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரம் வெவ்வேறாக இருப்பதால் வேலை எங்கோ ஓரிடத்தில் தானாகவே தேங்குகிறது. நாமாக ஓர் இடுக்கை உருவாக்க வேண்டிய தேவை இல்லை. பாதியில் நிற்கும் படத்தால் யாருக்கும் பயனில்லை என்பதும் பார்த்தவுடன் தெரிகிறது; பாதி முடிந்த ஓர் அறிக்கையைப் பற்றி அப்படிச் சொன்னால் விவாதம் எழும், பாதி முடிந்த படத்தைப் பற்றி எழாது.

ஜிக்சாவே பாடம் சொல்லித்தரப் பிறந்த பொருள் என்பதையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடத் தொழிலாளர், மரப்பலகையில் ஒட்டிய நிலப்படங்களை நாட்டெல்லை வழியாக அறுத்து, பிள்ளைகளுக்கு நிலவியல் கற்றுத்தரும் கருவியாக விற்றார்.

என்னென்ன வேண்டும்? எத்தனை பேர்?

ஓர் அணிக்கு 5 முதல் 7 பேர். 6×6 என 36 துண்டுகள் கொண்ட 12 ஜிக்சா படங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், முழுப்படத்தின் சிறு நகலுடன் இருக்க வேண்டும். 36 துண்டுகளில் 20 விளிம்புத் துண்டுகள், 16 உள்துண்டுகள். படங்களில் சிலவற்றிலாவது வானம், கடல், புல்வெளி போன்ற ஒரே நிறப் பரப்பு பெரிதாக இருப்பது நல்லது. எல்லாத் துண்டுகளின் பின்புறமும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஏன் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

சுவரில் ஒரு பலகை வேண்டும். அதில் 6 நெடுவரிசைகள்: காத்திருப்பு, பிரித்தல், விளிம்பு, உள்பகுதி, சரிபார்ப்பு, முடிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் படத்தின் எண், 'பிரித்தல்' கட்டத்துக்குள் நுழைந்த நேரம், முடிந்த நேரம் ஆகிய மூன்றுக்கும் இடம். நான்கு வேலைக் கட்டங்களுக்கும் ஆளுக்கொருவர் பொறுப்பு. ஐந்தாமவர் நேரக்காப்பாளர், அட்டைகளில் நேரத்தைக் குறிப்பதும், 2 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை அட்டைகள் நிற்கின்றன என்று எண்ணி எழுதுவதும் அவர் வேலை. கூடுதலாக ஆட்கள் இருந்தால் பிரித்தலிலோ சரிபார்ப்பிலோ சேர்க்கலாம். உள்பகுதியில் மட்டும் சேர்க்காதீர்கள், இடுக்கு மறைந்துவிடும். ஒரு சுற்று 20 நிமிடம்.

முதல் சுற்று எப்படி நடக்கும்?

இதில் வரம்பு எதுவும் இல்லை. 'உங்கள் கட்டத்தின் வேலையை முடிந்தவரை வேகமாகச் செய்து அடுத்தவருக்குத் தள்ளிவிடுங்கள். ஒருவர் வேலையில் இன்னொருவர் கைவைக்க வேண்டாம்' என்பதே அறிவுறுத்தல். இது செயற்கையான விதி அன்று. பல அலுவலகங்களில் எழுதப்படாமல் நடைமுறையில் இருப்பது இதுதான்.

பிரிப்பவர் வேகமானவராகிவிடுவார். நேரான ஓரம் உள்ளதை இடப்பக்கமும் இல்லாததை வலப்பக்கமும் போடுவது ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத வேலை. சுற்று பாதியைத் தாண்டும்போது 12 உறைகளும் காலியாகி, விளிம்பு கட்டுபவரின் முன்னால் குவியல்கள் வரிசைகட்டி நிற்கும். அவரும் தம்மால் இயன்ற வேகத்தில் உள்பகுதிக்குத் தள்ளுவார். அங்கேதான் எல்லாம் நிற்கும். மேசையில் இடம் போதாமல் குவியல்கள் ஒன்றோடொன்று உரசும். பின்புறம் ஒரே நிறம் என்பதால் கவிழ்ந்து கிடக்கும் துண்டு எந்தப் படத்துடையது என்று யாருக்கும் தெரியாது. ஒரு படத்தின் துண்டு இன்னொன்றில் போய்ச்சேர்ந்து, சரிபார்ப்பவரிடம் வரை சென்று, திரும்பி வரும். எல்லோரும் பரபரப்பாக உழைத்த 20 நிமிடங்களின் முடிவில் 'முடிந்தது' நெடுவரிசையில் சில அட்டைகளும், விளிம்பு, உள்பகுதி நெடுவரிசைகளில் குவிந்த அட்டைகளும் இருக்கும்.

இந்த இடத்தில் கற்றுத்தருபவர் எதையும் விளக்கக் கூடாது. பலகையை அவர்களே ஒரு நிமிடம் பார்க்கட்டும்.

இரண்டாம் சுற்றில் எது மாறுகிறது?

நெடுவரிசைத் தலைப்புகளின் அருகே எண்கள் எழுதப்படுகின்றன. பிரித்தல் 1, விளிம்பு 1, உள்பகுதி 2, சரிபார்ப்பு 1. அந்த எண்ணிக்கைக்கு மேல் அந்தக் கட்டத்தில் படம் இருக்கக் கூடாது. முடித்ததை அடுத்தவர்மேல் தள்ளும் உரிமையும் இனி இல்லை. அடுத்தவர் தம்மிடம் இடம் காலியானால் தாமே வந்து எடுத்துக்கொள்வார். அதுவரை முடித்த படம் முடித்தவரிடமே இருக்கும், அவருடைய வரம்பிலும் எண்ணப்படும். ஆகவே அவர் புதிய உறையைத் திறக்க முடியாது.

இன்னொரு விதியும் மாறுகிறது. ஒருவர் வேலையில் இன்னொருவர் கைவைக்கலாம். இதை நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. முதல் சுற்றின் தடையை நீக்கிவிட்டு, யாராவது கேட்டால் மட்டும் 'ஆம்' என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வி குழுவிலிருந்து எழுவதற்கும் உங்களிடமிருந்து வருவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

மேசை உடனே வெறிச்சென்று ஆகும். பிரிப்பவர் இரண்டு நிமிடங்களுக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் நிலை வரும். முழுப் பயிற்சியும் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அடுத்த கேள்வியை அதற்காகவே தனியாக வைத்திருக்கிறேன்.

வரம்பு நிரம்பியதால் ஒருவர் சும்மா இருக்கிறார். இது வீண் அல்லவா?

எல்லாக் குழுவிலும் எழும் கேள்வி இது, எரிச்சலோடு எழுந்தால் இன்னும் நல்லது. நான் நடத்திய ஒரு பயிற்சியில் கண்டதை விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் சுற்று தொடங்கி நான்காவது நிமிடம். பிரித்தல் பொறுப்பிலிருந்தவர் தம் முன்னாலிருந்த படத்தை முடித்துவிட்டார். விளிம்பு கட்டுபவரின் இடம் நிரம்பியிருந்தது. அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காத்திருப்பு வரிசையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைக்குக் கீழே, தம் மடியில் வைத்துச் சத்தமில்லாமல் பிரிக்கத் தொடங்கினார். அட்டையைப் பலகையில் நகர்த்தவில்லை. அவர் விதியை மீற நினைக்கவில்லை. சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கிடையே உள்பகுதியில் இருந்தவர், நீல வானத் துண்டு ஒன்றைக் கையில் வைத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அதே நீலத்தில் இன்னும் 9 துண்டுகள் கிடந்தன. இருவருக்கும் இடையே ஒரு கை நீளத் தூரம்.

சிறிது நேரம் கழித்து மடியிலிருந்த துண்டொன்று தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது, அந்த நீலத் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. மடியிலிருந்ததை உறையிலேயே கொட்டி மூடினார். நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய், 'வெளிர்நீலத்தைத் தனியாக எடுத்து வைக்கட்டுமா?' என்று கேட்டார். அடுத்த இரண்டு நிமிடங்களில் அந்த வானம் நிரம்பியது.

வரம்பு என்பது ஒருவரைச் சும்மா உட்காரவைப்பதற்காக ஏற்பட்டதன்று. புதிதாக ஒன்றைத் தொடங்கும் வழியை மட்டும் அது அடைக்கிறது. அந்த வழி அடைபட்டால், கண் தானாகவே நின்றுபோன வேலையைத் தேடிப் போகும். கையில் எப்போதும் வேலை இருக்கும் இடத்தில், பக்கத்திலிருப்பவரின் திணறலைப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. உதவிசெய்ய இயலாத வேலையாக இருந்தால், சில நிமிடங்கள் சும்மா இருப்பதும் குழுவுக்குக் கேடன்று: அவர் தொடங்கியிருக்கக்கூடிய படம் எப்படியும் இடுக்கில்தான் போய் நின்றிருக்கும்.

மடியில் நடந்த அந்த வேலை இன்னொன்றையும் காட்டுகிறது. பலகையில் ஏறாத வேலை அலுவலகங்களில் ஏராளம். 'ஐந்து நிமிடம்தானே' என்று வாங்கிக்கொண்டவை, தொலைபேசியில் கேட்டுக்கொள்ளப்பட்டவை, பாதியில் விட்டு மறந்தவை எல்லாம் ஒவ்வொருவர் மடியிலும் கிடக்கின்றன. வரம்பு வைத்த குழுவில் வேகம் கூடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த மடிகளைத்தான்.

மூன்றாம் சுற்றுக்கு என்ன மிச்சம்?

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு குழுவே தன் விதிகளை எழுதிக்கொள்கிறது. வரம்பு எண்களை மாற்றலாம், கட்டங்களை இணைக்கலாம், 'சரிபார்த்தாயிற்று' என்றால் என்ன என்பதை வரையறுக்கலாம், யார் எப்போது எங்கே உதவுவது என்று பேசிக்கொள்ளலாம். எதுவானாலும் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

அதன்பின் இரண்டு தொல்லைகளை நீங்கள் உள்ளே விடுகிறீர்கள். சுற்றின் நடுவே 'அவசரம்' என்று எழுதிய அட்டை ஒன்று வரும். அதற்கு எல்லா வரம்புகளையும் தாண்டிச் செல்ல அனுமதி உண்டு, ஆனால் ஒரே நேரத்தில் ஓர் அவசரம்தான். அது கடந்துபோகும்போது மற்ற படங்கள் எவ்வளவு நேரம் நின்றன என்பதை நேரக்காப்பாளர் குறித்துவைக்கட்டும்; அவசரம் என்ற சொல்லின் விலை அந்தக் குறிப்பில் தெரியும். இரண்டாவதாக, ஓர் உறையிலிருந்து ஒரு துண்டை முன்கூட்டியே எடுத்து உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் முடியாமல் நிற்கும். அட்டையில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, 'துண்டு இல்லை' என்று எழுதி, உங்களிடம் வந்து கேட்டால் துண்டைக் கொடுங்கள். கேட்காமல் அதை ஓரமாக ஒதுக்கிவைத்துப் புதிய படத்தைத் திறக்கும் குழுக்கள் உண்டு. அது பின்னர் நல்ல உரையாடலுக்கு இடம் தரும்.

இதில் வரும் கணக்கு என்ன? எளிமையாகச் சொல்ல முடியுமா?

முடியும். 1961-ல் ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் நிறுவிக்காட்டிய ஒரு விதி உண்டு. அதை 'லிட்டில் விதி' என்பார்கள். ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை உள்ளே வரும் சராசரி வேகத்தையும், ஒவ்வொன்றும் உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். வருவதும் போவதும் ஒரே வேகத்தில் நடக்கும் சீரான ஓட்டத்தில் இதைத் திருப்பிப் போட்டால், ஒரு வேலை முடிய ஆகும் நேரம் என்பது நடப்பிலுள்ள வேலைகளின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தது.

எடுத்துக்காட்டாக, உள்பகுதி நிரப்புபவர் ஒரு படத்துக்கு 3 நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மற்ற யார் எவ்வளவு விரைந்தாலும் 3 நிமிடத்துக்கு ஒரு படம்தான் வெளியே வரும். மேசையில் சராசரியாக 9 படங்கள் இருந்தால், ஒன்று உள்ளே போய் வெளியே வர 27 நிமிடம் ஆகும். சுற்றின் மொத்த நேரமே 20 நிமிடம்தான். அதே ஆட்கள், அதே வேகம், மேசையில் 4 படங்கள் மட்டும் என்றால் 12 நிமிடம். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. காத்திருக்கும் குவியல் மட்டும்தான் குறைந்தது. இந்த விதி நீண்டகாலச் சராசரிகளுக்கானது, 20 நிமிடச் சுற்றில் தோராயமாகத்தான் பொருந்தும் என்பதையும் குழுவிடம் சொல்லிவிட வேண்டும். கணக்கில் வரும் எண்ணும் அட்டையில் குறித்த எண்ணும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவைக்காதீர்கள்.

2 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த எண்ணிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்தால், திரண்ட ஓட்ட வரைபடம் கிடைக்கும். ஒரு நேரத்தில் பட்டைகளின் செங்குத்து அகலம் நடப்பு வேலையையும், கிடைமட்ட அகலம் ஏறத்தாழ ஒரு வேலை கடந்துவர எடுக்கும் நேரத்தையும் காட்டும். முதல் சுற்றில் விளிம்பு, உள்பகுதிப் பட்டைகள் வாய்பிளந்துகொண்டே போவதையும், இரண்டாம் சுற்றில் அவை ஒடுங்கி இணையாக ஓடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாம் சுற்றில் முன்னேறுவது பழக்கத்தால்தானே?

ஓரளவு ஆம். இந்த ஐயத்தை எழுப்புபவரை நன்றியோடு பாராட்டுங்கள். பழக்கத்தின் விளைவைக் குறைக்க, சுற்றுக்குச் சுற்று வேறு படங்களைத் தரலாம். இரண்டு அணிகள் இருந்தால் படங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். முதல் சுற்றுக்கு முன் ஒரு படத்தை மட்டும் பழகிப்பார்க்க விடலாம். அதைவிட முக்கியமானது, எத்தனை படங்கள் முடிந்தன என்ற ஒரே எண்ணைச் சான்றாகக் காட்டாமல் இருப்பது. ஒவ்வொரு படமும் எடுத்த நேரம், சரிபார்ப்பிலிருந்து திரும்பிவந்தவை, சுற்று முடிவில் பாதியில் கிடந்தவை ஆகிய மூன்றையும் பாருங்கள். கை பழகியதால் மட்டும், பாதியில் கிடப்பவை 8-லிருந்து 3-ஆகக் குறைந்துவிடாது.

சுற்றுகளுக்கு இடையே என்ன கேட்பது?

குறைவாகக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். 'என்ன கண்டீர்கள்?' என்பதில் தொடங்கலாம். 'எந்த இடத்தில் வேலை நின்றது? அது உங்களுக்கு எப்போது தெரிந்தது?' என்பது இரண்டாவது. 'கையில் வேலை இல்லாதபோது என்ன நினைத்தீர்கள்?' என்பது மூன்றாவது. இதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் நேர்மையானவையாக இருக்கும், அவற்றைக் கேட்டபின் அறையின் தொனியே மாறும். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு மட்டும், 'நம் வேலையில் இந்த நீல வானம் எது?' என்று கேளுங்கள். அதற்கு முன்பே கேட்டால் விளையாட்டு நின்று, பழைய குறைகளின் பட்டியல் தொடங்கிவிடும். ஒரு சுற்றுக்குப் பின் 15 நிமிடம் போதும்.

வெல்லும் அணிக்குப் பரிசு வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பரிசு வந்தவுடன் எண்ணிக்கை மட்டுமே இலக்காகிவிடுகிறது. சரிபார்ப்பவர் கண்டும் காணாமல் விடுகிறார், பொருந்தாத துண்டை அழுத்தித் திணிக்கிறார்கள், நேரக்காப்பாளரிடம் வாதம் நடக்கிறது. இரண்டு அணிகள் விளையாடினால், எண்களை ஒப்பிடாமல், அவர்கள் எழுதிக்கொண்ட விதிகளை ஒப்பிடச் சொல்லுங்கள்.

மேலாளர் விளையாட்டில் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ள வேண்டும். அவரை உள்பகுதிக் கட்டத்தில் உட்காரவைப்பது இன்னும் நல்லது. எல்லோரும் வேகமாகத் தள்ளிவிடும் வேலை ஒருவர் முன்னால் குவியும்போது எப்படியிருக்கும் என்பதை அவர் அறிவார். இடுக்கில் இருப்பவர் சோம்பேறியல்லர் என்பதும் புரியும். பார்வையாளராக ஓரத்தில் நின்று குறிப்பெடுக்க மட்டும் அனுமதிக்காதீர்கள். குறிப்பெடுக்கும் மேலாளர் இருக்கும் அறையில் யாரும் வெறுங்கையோடு இருக்கத் துணியமாட்டார்கள்.

வெவ்வேறு இடங்களிலிருந்து இணையத்தில் வேலைசெய்யும் குழுக்களுக்கு?

பலர் சேர்ந்து விளையாடும் இணைய ஜிக்சாவும் பகிர்வுப் பலகையும் இருந்தால் நடத்தலாம். மவுஸால் துண்டுகளை நகர்த்துவது மெதுவாக இருக்கும் என்பதால் துண்டுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஒருவர் சும்மா இருப்பது திரையில் தெரியாது. 'இப்போது என் கை காலி' என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை விதியாகவே வையுங்கள்.

புதிரில் எல்லாத் துண்டும் ஒரே அளவு, விடையும் முன்பே தெரியும். எங்கள் வேலை அப்படியன்று.

சரியான மறுப்பு. மென்பொருள், வடிவமைப்பு, ஆய்வு போன்ற வேலைகளில் எவ்வளவு பெரியது என்பதே தொடங்கிய பிறகுதான் தெரியவரும், முடிவில் வரவேண்டிய படமும் நடுவில் மாறும். விளையாட்டை அதற்குச் சற்று நெருக்கமாக்க, 36 துண்டுப் படங்களுக்கு நடுவே 60 துண்டுப் படங்கள் சிலவற்றையும் கலந்துவைக்கலாம். ஓரிரண்டு உறைகளில் முழுப்பட நகலைத் தராமல் விடலாம். அப்போதும் அது விளையாட்டுதான். ஆனால் அளவும் விடையும் நிச்சயமில்லாத இடத்தில் வரம்பின் தேவை இன்னும் கூடுகிறது: எதிர்பாராதது நேரும்போது கைகொடுக்க யாராவது ஓய்வாக இருக்க வேண்டும். எல்லோரும் முழுநேரமும் நிரம்பியிருக்கும் குழுவில் ஒரு சிறு தடங்கலும் கடைசிவரை அதிர்கிறது.

நாங்கள் ஸ்க்ரம் முறையில் இருக்கிறோம். இது அதற்கு முரணா?

முரணில்லை. ஸ்க்ரம் என்பது வேலையை 'ஸ்ப்ரிண்ட்' எனப்படும் குறுகிய காலப் பகுதிகளாகப் பிரித்துச் செய்யும் முறை. இருக்கும் பொறுப்புகளையும் முறைகளையும் மதித்து, இப்போது செய்வதிலிருந்தே தொடங்கு என்பது கான்பன் முறையின் முதல் கொள்கை. உங்கள் ஸ்ப்ரிண்ட் அப்படியே இருக்கட்டும், அதற்குள்ளே நடப்பு வேலைக்கு வரம்பு வையுங்கள்.

மறுநாள் என்ன செய்வது?

விளையாட்டின் பலன் ஒரு வாரத்துக்குள் கரைந்துவிடக்கூடியது. ஆகவே மறுநாளே, முடிந்தால் அதே சுவரில், உண்மையான வேலைக்கான பலகையை வரையுங்கள். வேலை இன்று எந்தெந்தக் கட்டங்கள் வழியாகப் போகிறதோ அவற்றையே நெடுவரிசைகளாக்குங்கள். எப்படிப் போக வேண்டும் என்று கனவு காண்பதை வரையாதீர்கள். ஒவ்வொருவரும் தம் மடியில் இருப்பதையெல்லாம் அட்டையாக எழுதி ஒட்டட்டும். இதற்கே பாதிநாள் ஆகலாம், எண்ணிக்கையைப் பார்த்துச் சிலர் அமைதியாகிவிடுவார்கள்.

உடனே எல்லா நெடுவரிசைக்கும் வரம்பு வைக்க வேண்டாம். மிகுதியாகத் தேங்கியிருக்கும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே இன்று எத்தனை அட்டைகள் உள்ளனவோ அதையே முதல் வரம்பாக எழுதுங்கள். அது 11 என்றால் 11. குறைந்தது அதற்கு மேல் போகாது. இரண்டு வாரம் கழித்துக் கூடிப்பேசி ஒன்றிரண்டைக் குறையுங்கள். குறைக்கும்போது வலித்தால் அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பேசுங்கள். அநேகமாக அங்கே ஒரு சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டப்படாமல் இருக்கும்.

தினமும் காலையில் பலகையின் முன் நிற்கும்போது, ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தார்கள் என்று ஆள்வாரியாகக் கேட்காமல், 'முடிந்தது' நெடுவரிசைக்கு மிக அருகில் இருக்கும் அட்டையிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக வாருங்கள். 'இதை முடிக்க இன்று யார் என்ன செய்யலாம்?' என்பதே கேள்வி. காத்திருப்பு வரிசைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டால் அப்படியே கலைந்து வேலைக்குப் போகலாம்.

மீண்டும் எப்போது விளையாடுவது?

குழுவில் இருவருக்கு மேல் புதியவர்கள் சேரும்போது. பழையவர்களில் ஒருவர் நடத்தட்டும், நீங்கள் துண்டுகளைப் பிரிக்க உட்காருங்கள்.